கழுத்துக் கட்டும் வாளிக் கட்டும்

எங்கள் சிவப்பியைக் கொன்றது நான் இல்லை. இதைச் சொல்ல எனக்கு இப்போது ஒருவருடைய அனுமதியும் தேவையில்லை. அந்தச் சித்திரை மாதத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் இந்த வயதிலும் எனக்கு மூக்கு நுனி சிவக்கிறது என்று என் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். கழுத்தில் கயிற்றைப் போட்டுத் தெருவில் பிச்சைக்கு அனுப்ப அவர்களுக்கு ஒருவரும் நாள் குறித்ததில்லை. எனக்குக் குறித்தார்கள். குறித்தவர் என்னைப் பெற்ற ஐயா.

நாங்கள் நெடுந்தீவில் இருந்தோம். எனக்கு ஒன்பது முடிந்து பத்து நடந்துகொண்டிருந்தது. வீட்டில் ஐயா, அம்மா, ஐயாவின் தங்கையான மாமி, நான், அப்புறம் சிவப்பியோடு சேர்த்து நாலு மாடுகள். வீட்டில் எனக்கு இருந்த ஒரே பெயர் கயிற்றுப் பைத்தியம். ஒரு முழக் கயிறு கிடைத்தால் போதும், சாப்பாட்டை மறந்துவிடுவேன். துறையில் கட்டிக் கிடக்கும் வள்ளங்களின் கயிற்றை, எப்படிக் கட்டியிருக்கிறார்கள் என்று பார்ப்பதற்காக அவிழ்த்துவிட்டுத் திரும்பக் கட்டத் தெரியாமல் ஓடிவந்திருக்கிறேன். வள்ளக்காரர் எங்கள் வாசல் படலை வரை துரத்திக்கொண்டு வந்து ஐயாவிடம் முறையிட்டுப் போவார். பெண்பிள்ளைக்கு ஏன் இந்தக் கயிற்று வேலை என்று அம்மா குட்டுவார். நானோ அந்தக் குட்டை வாங்கிக்கொண்டே, பார்த்துவந்த கட்டை மனதில் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

மாட்டுக் கொட்டிலில் ஒரு தடியில் ஒன்பது கயிற்றுத் துண்டுகளைத் தொங்கவிட்டிருந்தேன். ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு கட்டு. என் கணக்கில் உலகத்துக் கட்டுகள் எல்லாம் மூன்று சாதிக்குள் அடங்கிவிடும். முதலாவது, இழுக்க இழுக்க இறுகும் சாதி. வாளிக்கும் விறகுக்கும் அதுதான் வேண்டும். நுனியை வாளியின் பிடிக்குள் விட்டு எடுத்து, பாரம் தாங்கும் நீளக் கயிறான தாய்க்கயிற்றைச் சுற்றி மடித்து மடித்து இறுக்குவது. பாரம் ஏறினால் அது சறுக்கி இறங்கிப் பிடியைக் கவ்விக்கொள்ளும். இரண்டாவது, எவ்வளவு இழுத்தாலும் விட்ட அளவிலேயே நிற்கும் சாதி. முதலில் தாய்க்கயிற்றில் சின்ன வளையமாக ஒரு கண் வைக்க வேண்டும். நுனியைக் கழுத்தைச் சுற்றிக் கொண்டுவந்து அந்தக் கண்ணுக்குள் கீழிருந்து ஏற்றி, தாய்க்கயிற்றின் பின்னால் ஒரு சுற்றுச் சுற்றி, அதே கண்ணுக்குள் திரும்ப இறக்க வேண்டும். மாட்டின் கழுத்துக்கு இது ஒன்றுதான் கட்டு. மூன்றாவது, நுனியைப் பிடித்து ஒரு இழுவை இழுத்தால் அவிழ்ந்துவிடும் சாதி. அது வள்ளத்துக்கும் படலைக்கும்.

முதல் சாதியைக் கொண்டுபோய் ஓர் உயிரின் கழுத்தில் போட்டால் அதற்குக் கட்டு என்று பெயர் இல்லை, உருவாஞ்சுருக்கு என்று பெயர். இதை எனக்கு ஒருவரும் சொல்லித்தரவில்லை. ஒரு பூசணிக்காயில் இரண்டு கட்டையும் போட்டு இழுத்துப் பார்த்து நானே கண்டுபிடித்தேன். பூசணிக்காயின் தோலைக் கீறியதற்கு அடியும் வாங்கினேன். அப்படிப்பட்ட என்னைப் பார்த்துத்தான், கழுத்துக் கட்டுக்கும் வாளிக் கட்டுக்கும் வித்தியாசம் தெரியாதவள் என்று சொன்னார்கள்.

மாமியைப் பற்றி இந்த இடத்தில் சொல்லிவிட வேண்டும். மாமியைக் கடல் தாண்டிச் சுருவில் என்ற ஊரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். கலியாணமாகி மூன்றாம் மாதம் புருஷன் மலாயாவுக்கு வேலைக்குப் போனார். ஆறாம் மாதம் மாமனார் காய்ச்சலில் இறந்துபோனார். வந்தவளின் கால் சரியில்லை என்று சொல்லி மாமியார், மாமியைக் கூட்டிவந்து எங்கள் வீட்டில் விட்டுவிட்டுத் திரும்பிப் பாராமல் போய்விட்டார். அதிலிருந்து ஐந்து வருஷம். எங்கள் வீட்டுக்குத் தண்ணீர் அள்ளுவது முழுக்க மாமிதான். ஒருமுறை கட்டு நழுவி வாளி கிணற்றுக்குள் போய்விட்டது. அம்மா அதற்கு ஒரு கிழமை முணுமுணுத்தார். மற்றவர்கள் வாளிக்கு இரண்டு மடிப்புப் போட்டால் மாமி மூன்று போடத் தொடங்கியது அன்றிலிருந்துதான்.

அந்தப் பங்குனியில் மலாயாவிலிருந்து கடிதம் வந்தது. வைகாசியில் தெரிந்த குடும்பம் ஒன்று கப்பலேறுகிறது, அவர்களோடு பெண்சாதியையும் அனுப்பிவையுங்கள் என்று புருஷன் தன் தாய்க்கு எழுதியிருந்தார். மகனின் பேச்சைத் தட்ட முடியாமல், சித்திரையில் ஒரு வியாழக்கிழமை வந்து கூட்டிப்போகிறேன் என்று மாமியார் சொல்லியனுப்பினார். ஐயா மாமிக்குப் பயணத்துக்கு உடுப்பு வைக்க ஒரு புது றங்குப்பெட்டி வாங்கிவந்தார். மாமி தண்ணீர் அள்ளும்போது வாய்க்குள் பாட ஆரம்பித்திருந்தார். ஐந்து வருஷமாக அந்த வாயிலிருந்து பாட்டு வரும் என்றே எனக்குத் தெரியாது.

மாமியார் வருவதற்கு மூன்று நாள் முன்னால், திங்கட்கிழமை, சிவப்பி செத்தது. தலைச்சன் சினை. சினைமாடு என்பதால் மற்ற மாடுகளோடு அதை மேய்ச்சல் வெளிக்கு விடாமல் கிணற்றடிப் பூவரசின் கீழ் கட்டிப் புல் போடுவோம். காலையில் கட்டுவதும் பின்னேரம் தண்ணீர் காட்டுவதும் என் வேலை. அன்று காலையிலும் நான்தான் கட்டினேன், கண் வைத்து, சுற்றி, இறக்கி, என் கட்டை. பள்ளிக்கூடம் விடுமுறை. நான் சிப்பி பொறுக்கக் கடற்கரைக்குப் போய்விட்டேன். பின்னேரம் திரும்பி வந்தபோது கிணற்றடியில் ஆட்கள் நின்றார்கள். பூவரசங் குழைக்கு எட்டி, முன்காலைக் கல்வேலியில் தூக்கி வைத்த மாடு சறுக்கி விழுந்திருந்தது. கழுத்தில் கயிறு சதைக்குள் புதைந்து கிடந்தது. ஐயா கத்தியால் கயிற்றை அறுத்து எடுத்திருந்தார். மாடும் போய், வயிற்றுக் கன்றும் போய்விட்டது.

மாட்டுக்கு வைத்தியம் பார்க்கும் பரியாரியார் குந்தியிருந்து கழுத்தைப் பார்த்தார்.

"சுருக்கு இறுகித்தான் செத்திருக்கு. ஆர் கட்டினது?"

ஐயா அறுத்த கயிற்றைக் கையில் வைத்திருந்தார். மாட்டின் கழுத்தில் கிடந்த கட்டு அதில் அப்படியே இருந்தது. அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். என் ஐயா கயிறு தெரியாத ஆள் இல்லை.

"அண்ணை, நான்..." என்று மாமி வாயெடுத்தார்.

"நீ குசினிக்குள்ளை போ," என்று அடுப்படிப் பக்கம் கை காட்டினார் ஐயா. பிறகு பரியாரியாரிடம், "பிள்ளைதான் கட்டினவள்," என்றார்.

"நான் சுருக்குப் போடேல்லை!" என்று கத்தினேன்.

"வாயைப் பொத்து."

எங்கள் பக்கத்தில் அப்போது ஒரு வழக்கம் இருந்தது. கட்டிப்போட்ட மாடு கயிற்றில் செத்தால் கட்டியவருக்குப் பாவம். எட்டு நாளைக்குள் ஒரு வெள்ளிக்கிழமை, அந்தக் கயிற்றையே கழுத்தில் மாட்டிக்கொண்டு ஏழு வீட்டுப் படலைக்குப் போய் நிற்க வேண்டும். வாய் திறந்து கேட்கக் கூடாது. கொடுக்கிற பிடி அரிசியை ஏந்திக்கொண்டு வந்து கோயிலில் சேர்க்க வேண்டும். பொழுது படும்வரை ஒரு வார்த்தை பேசக் கூடாது. சிறுபிள்ளையென்றால் அத்தோடு சரி. பெரியவர்களென்றால் ஒரு வருஷத்துக்கு நல்ல காரியம் எதற்கும் அழைக்கமாட்டார்கள், அவர்கள் கையால் அள்ளிய தண்ணீரைப் பிற வீட்டார் குடிக்கமாட்டார்கள், அவர்களோடு ஒரே வள்ளத்தில் ஏறக்கூட யோசிப்பார்கள். இது முழுவதையும் பரியாரியார் அன்று என் காது கேட்கத்தான் சொன்னார். எனக்கு அதில் முதல் பாதி மட்டும்தான் கேட்டது. கழுத்தில் கயிற்றோடு நான் நிற்பதைப் பார்த்து என் வகுப்புப் பிள்ளைகள் வேலிக்கு மேலால் சிரிக்கப்போகிறார்கள் என்பதுதான் எனக்கு விளங்கியது.

செவ்வாய்க்கிழமை காலையில் கொட்டிலுக்குள் போய் அந்தக் கயிற்றைக் கையில் எடுத்துப் பார்த்தேன். கண் இல்லை. தாய்க்கயிற்றைச் சுற்றி மடிப்பு. ஒன்று, இரண்டு, மூன்று. எனக்கு ஆள் தெரிந்துவிட்டது. ஆனால் மாமிமேல் எனக்குக் கோபம் வரவில்லை. இதைச் சத்தியமாகச் சொல்கிறேன். மாமி தவறிக் கட்டியிருக்கிறார், சரி, சொல்லிவிட்டுக் கயிற்றை வாங்கிக்கொண்டால் ஒரு காலையில் முடிகிற காரியம்தானே என்று நினைத்தேன். என் கோபம் முழுவதும் ஐயாமேல்தான். கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் தெரிந்தே பொய் சொன்ன மனுஷன்!

அம்மாவிடம் ஓடினேன். "அம்மா, அது என்ரை கட்டில்லை. வாளிக் கட்டு."

அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்த சுளகை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவந்து என் வாயைக் கையால் பொத்தினார். "உந்தக் கதையை இனி ஒருத்தரிட்டையும் கதைக்கப்படாது. விளங்குதோ?"

எனக்கு விளங்கியது ஒன்றுதான்: இந்த வீட்டில் உண்மைக்கு இடமில்லை. செவ்வாய்க்கிழமை பகல் சாப்பிடவில்லை. புதன்கிழமை ஐயா கற்கண்டு வாங்கிவந்து நீட்டினார். அதை வாங்கிக் கொண்டுபோய்க் கோழிக்கு எறிந்தேன். அவர் அடிக்கவில்லை. அடிக்காததே அவர் குற்றத்துக்குச் சாட்சி என்று நான் எடுத்துக்கொண்டேன். மாமி என்னை மடியில் இருத்தித் தலை வாரும்போது அழுதார். எங்களைப் பிரிந்து மலாயாவுக்குப் போவதை நினைத்து அழுகிறார் என்று எண்ணினேன்.

வியாழக்கிழமை மாமியார் வள்ளத்தில் வந்து இறங்கினார். வந்தவுடனேயே மாடு செத்த கதையைக் கேட்டு, "நான் வாற நேரம் பாத்து இதுவுமோ?" என்று மாமியை மேலும் கீழும் பார்த்தார். ஐயா முந்திக்கொண்டு, "பிள்ளையின்ரை விளையாட்டுத்தனம். நாளைக்குக் கயித்தைக் கழுத்திலை போட்டு அனுப்பினால் சரி," என்றார். விளையாட்டுத்தனமாம்! நான் கப்புத் தூணோடு சேர்ந்து நின்று பல்லைக் கடித்தேன்.

வெள்ளிக்கிழமை காலையில் தலையில் தண்ணீர் வார்த்து, ஒரு வெள்ளைத் துண்டை உடுத்தி, என்னைப் படலையடியில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அயலில் பத்துப் பதினைந்து பேர் கூடியிருந்தார்கள். மாமியார் ஒரு கதிரையில் இருந்தார். பரியாரியார் கயிற்றை என் தலைக்கு மேலே தூக்கினார்.

நான் இரண்டு கையாலும் அதைப் பறித்துக்கொண்டேன். பேசக் கூடாது என்ற விதி கயிறு கழுத்தில் விழுந்த பிறகுதான். இன்னும் விழவில்லை. அதுவரை நான் பேசலாம். இந்தச் சட்டத்தை மூன்று நாளாக யோசித்து வைத்திருந்தேன்.

"பரியாரியார், கையை நீட்டுங்கோ."

அவர் என்னவோ ஏதோ என்று நீட்டினார். வேலியில் கிடந்த வேறொரு கயிற்றை எடுத்து அவர் மணிக்கட்டில் என் கட்டைப் போட்டு, காலை ஊன்றி, பலம்கொண்ட மட்டும் இழுத்தேன். அவர் அசையவில்லை. கட்டும் இறுகவில்லை.

"இது நான் சிவப்பிக்குப் போட்ட கட்டு. நோகுதோ?"

"இல்லை," என்றார், சிரித்துக்கொண்டு.

அதை அவிழ்த்து மடிப்புக் கட்டைப் போட்டு இழுத்தேன். "ஐயோ!" என்று பரியாரியார் துள்ளினார். கூட்டம் சிரித்தது. விரல் கறுக்கும்வரை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"இது தண்ணிக் கட்டு. வாளிக்குப் போடுறது. மாட்டின்ரை கழுத்திலை கிடந்தது இதுதான். பாருங்கோ, கண் இல்லை. மடிப்பு மூண்டு. நான் மூண்டு மடிப்புப் போடுறேல்லை. ஐயாவும் போடுறேல்லை."

"பிள்ளை, போதும், வா," என்று ஐயா என் தோளைப் பிடித்தார். பிடித்து வீட்டுப் பக்கம் இழுத்தார். அகப்பட்டுவிட்டார், அதுதான் இழுக்கிறார் என்று எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. அவர் கையைத் தட்டிவிட்டுக் கிணற்றடிக்கு ஓடினேன். வாளியைக் கயிற்றோடு இழுத்துக்கொண்டு வந்து கூட்டத்தின் நடுவில் வைத்தேன். பிடியில் கிடந்த கட்டையும், அறுத்த கயிற்றில் கிடந்த கட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். ஒன்று, இரண்டு, மூன்று. ஒன்று, இரண்டு, மூன்று. குருடருக்கும் விளங்கியிருக்கும்.

ஒருவரும் இப்போது சிரிக்கவில்லை. மாமியார் கதிரையிலிருந்து முன்னுக்குக் குனிந்தார்.

"வாளிக்குக் கட்டுறது ஆர், பிள்ளை?"

"மாமி," என்றேன்.

மாமி குசினி வாசலிலிருந்து இறங்கி வந்தார். அழவில்லை. ஒருவர் முகத்தையும் பார்க்கவில்லை. "நான்தான் கட்டினனான். வெயிலுக்கு நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிண்டுது. மத்தியானம் அவிட்டுத் தண்ணி காட்டிப்போட்டுத் திரும்பக் கட்டினனான்," என்றார். மரத்தடிக் கட்டு இறுகிக் கிடந்ததால் அதைத் தொடாமல் என் கழுத்துக் கட்டைத்தான் அவிழ்த்திருக்கிறார். என் கட்டு எவ்வளவு இறுக்கினாலும் சுலபமாக அவிழும், அதுதான் அதன் சிறப்பு. தண்ணீர் காட்டியபின், தினம் நாற்பது வாளி அள்ளிப் பழகிய கை தனக்குத் தெரிந்ததைப் போட்டுவிட்டது. என் கையிலிருந்த கயிற்றை வாங்கித் தன் கழுத்தில் தானே மாட்டிக்கொண்டு, மாமி படலையைத் திறந்துகொண்டு வெளியே போனார்.

மாமியார் பகல் வள்ளத்திலேயே தனியே புறப்பட்டுவிட்டார். வைகாசியில் கப்பல் போனது. மலாயாவிலிருந்து அதன் பிறகு ஒரே ஒரு கடிதம் வந்தது. ஐயா அதைப் பூவரசின் கீழே நின்று வாசித்து, மடித்து, மடியில் செருகிக்கொண்டார். அதில் என்ன இருந்தது என்று வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை. புது றங்குப்பெட்டிக்குள் அம்மா நெல் போட்டு வைத்தார். மாமி சாகும்வரை எங்கள் வீட்டில்தான் இருந்தார்.

எனக்குக் கலியாணமான பிறகு ஒருநாள் அம்மாதான் சொன்னார். மாடு செத்த அன்று பின்னேரமே தங்கையின் கையைத் தன் தலையில் வைத்து, வாய் திறப்பதில்லை என்று ஐயா சத்தியம் வாங்கியிருக்கிறார். மூன்று நாளும் மாமி அவரிடம் கெஞ்சியிருக்கிறார், பிள்ளையை விடுங்கள், நானே போகிறேன் என்று. "உனக்கு ஒரு காலமைப் பொழுது. அவளுக்கு ஒரு சீவியம்," என்றார் அம்மா.

"அதை எனக்கு ஒரு வார்த்தை சொன்னால் என்ன?" என்று நான் கத்தினேன், கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு. "சொல்லியிருந்தால் ஏழு வீடு இல்லை, எழுபது வீட்டுக்குப் போயிருப்பன்!"

"உனக்குப் பொய்யை மறைக்கத் தெரியாது. அதுதான் சொல்லேல்லை."

என்ன நியாயம் இது? பத்து வயதுப் பிள்ளையின் தலையில் பழியைப் போடத் தெரிந்தவர்களுக்கு, ஏன் போடுகிறோம் என்று அவள் காதில் சொல்லத் தெரியாதா? எனக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. ஐயா செத்து இத்தனை வருஷமாகியும் ஆறவில்லை. எழுபது வீட்டுக்குப் போயிருப்பேன் என்கிறேன். உண்மையாகவே போயிருப்பேனா என்று கேட்டால், தெரியாது. அந்த மூன்று நாளும் எனக்கு என் கட்டின் மானம்தான் பெரிதாக இருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை முழுவதும் வீட்டில் ஒருவரும் என்னோடு பேசவில்லை. ஐயா மாடுகளோடு வெளிக்குப் போய்விட்டார். அம்மா என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பினார். நான் சொன்னது அத்தனையும் சரி. பரியாரியாரின் கையே சாட்சி. அப்படியிருக்க, நீ கெட்டிக்காரி என்று சொல்ல அந்த வீட்டில் ஒரு வாய் இல்லையே என்று பொருமிக்கொண்டு பூவரசின் வேரில் குந்தியிருந்தேன். மாமி ஏழு வீடும் போய், கோயிலுக்கும் போய்த் திரும்பிவந்து, கிணற்றுக் கட்டில் தனியே இருந்தார். கழுத்தில் கயிறு உரசிய இடம் சிவந்திருந்தது. பொழுது படும்வரை பேசக் கூடாது என்பதால் நானும் பேசாமல் காத்திருந்தேன். கடைசி வெயில் கல்வேலியை விட்டு இறங்கியதும் எழுந்துபோய் மாமியின் முன்னால் நின்றேன்.

"மாமி, நான் சொன்னது சரிதானே?"

மாமி காலையிலிருந்து பேசாத தொண்டையைச் செருமிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"ஓம் மோனை. சரிதான்."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. இந்த வீட்டில் நியாயம் தெரிந்த ஆள் மாமி ஒருவர்தான் என்று நினைத்துக்கொண்டு, அவர் பக்கத்தில் ஏறி இருந்து, கண் வைத்துக் கட்டுவது எப்படி என்று அவருக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினேன்.